மீளுந் தாக்கமும் திண்மத் தாங்கியும்: சப்ரகமுவ தோட்டப் பாடசாலைகளின் இரசாயன வகுப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புறத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் க.பொ.த. உயர்தர இரசாயனவியல் கற்கும் மாணவர்களும் கற்பிக்கும் ஆசிரியர்களும்

மூலக்கூற்று நூலகம் என்பது ஒரு சில கட்டுமானத் துண்டுகளை வெவ்வேறு சோடிகளாகவும் தொடர்களாகவும் இணைத்துப் பெறப்படும் சேர்வைகளின் பெருந்திரட்டு. புது மருந்து தேடும் ஆய்வுகூடத்துக்கு முதலில் தேவைப்படுவது இத்தகைய திரட்டுதான். நோயோடு தொடர்புடைய ஒரு புரதமோ ஆர்.என்.ஏ. துண்டோ இலக்காக எடுக்கப்படுகிறது. திரட்டில் உள்ளவற்றுள் எது அதனோடு இறுக்கமாகப் பிணைகிறது என்று பார்க்கப்படுகிறது. நூலகத்தை ஆக்கும் வழிகள் இரண்டு. மீளாத் தாக்கங்களால் ஆக்கினால் உறுப்புகள் ஒவ்வொன்றும் உருவானபடியே நிலைத்து நிற்கும். மீளுந் தாக்கங்களால் ஆக்கினால் உறுப்புகள் ஒன்றிலிருந்து மற்றொன்றாக ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டாம் வழியைத் திண்ம மணிகளின் மேல் நடத்துவது எப்படி, அதனால் என்ன இலாபம் என்பதே இம்மடலின் பொருள். பாடநூலில் விளைவைக் குறைக்கும் தொல்லையாகத் தோன்றும் மீள்தன்மை, இந்தத் துறையில் தெரிவு செய்யும் கருவியாகிறது.

மீளா வழியின் உதாரணம் இரத்தினபுரியின் ஒவ்வொரு தேயிலைத் தொழிற்சாலையிலும் நாள்தோறும் நடக்கிறது. வாட்டிய கொழுந்தை அரைக்கும்போது கலங்கள் உடைகின்றன. பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியமும் கட்டெச்சின்களும் வளியிலுள்ள ஒட்சிசனும் ஒன்று சேர்கின்றன. கட்டெச்சின்கள் ஒட்சியேறித் தம்முள் இணைந்து, செம்மஞ்சள் நிறமுடைய தியாபிளேவின்களையும் கருஞ்சிவப்பான தியாரூபிஜின்களையும் தருகின்றன. தியாரூபிஜின் என்ற ஒரே பெயருக்குள் ஆயிரக்கணக்கான வெவ்வேறு சேர்வைகள் அடங்கியிருப்பதை உயர்நுண்மைத் திணிவு நிறமாலையியல் காட்டியுள்ளது. இதுவும் ஒரு மூலக்கூற்று நூலகம்தான். ஆனால் அங்கே உருவான இணைப்பு திரும்பப் பிரிவதில்லை. எது எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை நொதியத்தின் வேகமும் நேரமும் வெப்பநிலையும் தீர்மானிக்கின்றன. உலர்த்தியின் சூடு நொதியத்தைச் செயலிழக்கச் செய்ததும் கலவை அந்த விகிதத்திலேயே நின்றுவிடுகிறது. பிழையாக உருவான மூலக்கூறு ஒன்று பிரிந்து மீண்டும் சரியாகச் சேர வழியில்லை.

மீளும் வழிக்கு ஏற்ற பிணைப்பு ஒன்றும் இதே மாகாணத்தின் மற்றப் பயிரோடு தொடர்புடையது. கேகாலை மாவட்டத்தில் எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, ருவன்வெல்லப் பக்கங்களில் வெட்டப்படும் இறப்பர்ப் பால், போர்மிக் அமிலம் கலந்து உறையவைக்கப்பட்டு, உருளையில் அழுத்தி, புகைகாட்டி ஷீட்டாகிறது. அந்த ஷீட்டில் உள்ளவை ஒன்றோடொன்று பிணைக்கப்படாத நீண்ட பொலிஐசோப்பிரீன் சங்கிலிகள். வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். சார்ள்ஸ் குட்இயர் 1839 இல் கண்டறிந்த வல்கனைசுப்படுத்தலில், கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும்போது சங்கிலிகளுக்கு இடையே கந்தகப் பாலங்கள் விழுகின்றன. ஒரு பாலத்தில் ஒரு கந்தக அணுவும் இருக்கலாம், இரண்டு இருக்கலாம், பலவும் இருக்கலாம். காபன்–காபன் தனிப் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோயூல் சக்தி வேண்டும்; இரு கந்தக அணுக்களுக்கு இடைப்பட்ட பிணைப்புக்கு ஏறத்தாழ 270 போதும்; பல கந்தக அணுக்கள் கொண்ட பாலத்தில் அதனிலும் குறைவு. ஆகவே நீண்ட கந்தகப் பாலங்கள் சூட்டிலும் தொடர்ந்த இழுவிசையிலும் உடைந்து, அயலிலுள்ள வேறு கந்தக முனையோடு சேர்ந்துகொள்கின்றன. இத்தகைய பாலங்கள் மிகுந்த இறப்பர் களைப்பைத் தாங்குவதற்கும், அதே இறப்பர் நீண்ட நேரச் சூட்டில் தளர்ந்துபோவதற்கும் காரணம் ஒன்றே.

ஆய்வுகூடத்தில் இதே கந்தகம்–கந்தகப் பிணைப்பு அறை வெப்பநிலையில், நீரில், மென்மையான நிபந்தனைகளில் இடமாறுகிறது. தயோல் என்பது கந்தகத்தோடு ஓர் ஐதரசன் சேர்ந்த கூட்டம். இரு தயோல்கள் ஒட்சியேறி இணைந்தால் இருசல்பைட்டு. ஒரு கரைசலில் இருசல்பைட்டு ஒன்றும் வேறொரு தயோலும் இருந்தால், தயோல் அந்தப் பிணைப்பைத் தாக்கி, ஒரு பாதியைத் தள்ளிவிட்டு மற்றப் பாதியோடு தான் சேர்கிறது. தள்ளப்பட்ட பாதி இப்போது தயோலாகி, அடுத்த இருசல்பைட்டைத் தாக்குகிறது. உண்மையில் தாக்குவது ஐதரசனை இழந்த தயோலேற்று அயன். சிஸ்டெயின் என்ற அமினோ அமிலத்தின் தயோலுக்கு அமில மாறிலியின் மறை மடக்கைப் பெறுமானம் ஏறத்தாழ 8.3 ஆகையால், சற்றே மூலத்தன்மையுள்ள கரைசலில், அதாவது பி.எச். 7 முதல் 9 வரை, இடமாற்றம் சுறுசுறுப்பாக நடக்கிறது. அமிலத்தைச் சேர்த்துப் பி.எச். பெறுமானத்தைத் தாழ்த்தினால் அயன்கள் மீண்டும் ஐதரசனைப் பிடித்துக்கொள்ள, இடமாற்றம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. வேண்டும்போது ஓடவிடவும் வேண்டும்போது நிறுத்தவும் இயல்வதே இத்தாக்கத்தின் சிறப்பு.

வேறு மீளுந் தாக்கங்களும் பயன்படுகின்றன. அல்டிகைட்டும் அமைனும் சேர்ந்து இமைனையும் நீரையும் தருவது ஒன்று. சோடியம் சயனோபோரோஐதரைட்டால் தாழ்த்தினால் இமைன் மீளா அமைனாகி உறைந்துவிடும். ஐதரசைட்டும் அல்டிகைட்டும் சேர்ந்து ஐதரசோன் தருவது மற்றொன்று. இது மென் அமிலத்தில் மாறும், நடுநிலையில் நிலைக்கும். உயர்தர வகுப்பில் அல்டிகைட்டையும் கீற்றோனையும் இனங்காணப் பயன்படும் பிராடியின் சோதனைப்பொருள் தரும் செம்மஞ்சள் வீழ்படிவு இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அங்கே விளைபொருள் கரையாமல் திண்மமாக விழுந்துவிடுவதால் சமநிலை விளைபொருளின் பக்கம் இழுபடுகிறது. கரைசலிலிருந்து ஒன்றை நீக்கினால் சமநிலை அதை மேலும் உருவாக்கும் என்ற லே சட்டலியர் தத்துவம் இந்தத் துறை முழுவதற்கும் அடிப்படை.

அத்தத்துவம் தெரிவுக்கு எப்படி உதவுகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறக்கூடிய 10 சேர்வைகள் ஒரு கரைசலில் உள்ளன. எல்லாவற்றுக்கும் சக்தி சமம். மொத்தம் 100 பங்கு என்றால் சமநிலையில் ஒவ்வொன்றும் 10 பங்கு இருக்கும். இப்போது ஒரே ஒரு சேர்வையோடு மட்டும் மிக இறுக்கமாகப் பிணையும் இலக்குப் புரதம் 40 பங்கு சேர்க்கப்படுகிறது. அது 40 பங்கையும் பிடித்துக்கொள்ளும். எஞ்சிய 60 பங்கு மீண்டும் பத்தாகப் பகிர்ந்து, ஒவ்வொன்றும் 6 ஆகும். இறுதியில் பிணைந்த சேர்வை மொத்தம் 46 பங்கு. மற்ற ஒன்பதும் தலைக்கு 6 பங்கு. தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று சமமாக இருந்தவற்றுள் ஒன்று மட்டும் நான்கரை மடங்குக்கு மேல் பெருகிவிட்டது. மீளா நூலகமாக இருந்திருந்தால் 10 பங்கு மட்டுமே பிணைந்திருக்கும்; மீதி 30 பங்குப் புரதம் சும்மா நின்றிருக்கும். இலக்கு தனக்கு வேண்டியதைத் தேர்வதோடு அதைக் கூடுதலாக உருவாக்கவும் செய்கிறது. இதற்குப் பெருக்கம் என்று பெயர்.

1990களின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜில் ஜெரமி சாண்டர்ஸின் குழுவும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஜோன்-மரி லேனின் குழுவும் இந்த எண்ணத்தைத் தனித்தனியே வளர்த்தன. அதிமூலக்கூற்று இரசாயனத்துக்காக 1987 இல் நோபல் பரிசு பெற்றவர் லேன். 1997 இல் அவரும் இவான் ஹ்யூக்கும் வெளியிட்ட ஆய்வில், சில அல்டிகைட்டுகளும் சில அமைன்களும் நீரில் கலக்கப்பட்டு, காபோனிக் அன்ஹைட்ரேசு என்ற நொதியத்தின் முன்னிலையில் இமைன்களாக மாறிக்கொண்டிருக்க விடப்பட்டன. பின் தாழ்த்தி உறையவைக்கப்பட்டன. அந்த நொதியத்தின் நாக அயனோடு பிணைவதாக முன்பே அறியப்பட்ட சல்போனமைட்டுக் கூட்டத்தைக் கொண்ட சேர்வை, நொதியம் இருந்த குடுவையில் கூடுதலாக உருவாகியிருந்தது. இத்துறை இயங்கு சேர்மான இரசாயனம் என்ற பெயரைப் பெற்றது.

கரைசலில் நடத்தும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. பத்து, இருபது உறுப்புகள் உள்ள கலவையை நிறப்பகுப்பியலால் பிரித்து எது பெருகியது என்று கண்டுபிடிக்கலாம். உறுப்புகள் ஆயிரங்களாகும்போது ஒவ்வொன்றின் செறிவும் அளவிட முடியாத அளவுக்குத் தாழ்ந்துவிடும். ஒரே திணிவுள்ள பல சேர்வைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும். பெருகியது இருந்தும் கண்ணில் படாது. பெரிய நூலகம்தான் பயன் தரும், ஆனால் பெரிய நூலகத்தைத்தான் வாசிக்க முடியாது. இந்த முடிச்சை அவிழ்த்தது திண்மத் தாங்கி.

திண்மத் தாங்கியில் மீளுந் தாக்கம் என்பது புதிய செய்தி அன்று. வன்னீரை மென்னீராக்கும் அயன்மாற்று ரெசின் இதன் எளிய வடிவம். இருவைனைல்பென்சீனால் குறுக்கிணைக்கப்பட்ட பொலிஸ்டைரீன் மணிகளில் சல்போனேற்றுக் கூட்டங்கள் பதிந்திருக்கின்றன. அவற்றிலுள்ள சோடியம் அயன்களை விட்டு நீரிலுள்ள கல்சியமும் மகனீசியமும் பிடிக்கப்படுகின்றன. மணிகள் நிரம்பியதும் செறிந்த உப்புக்கரைசலை ஓட்டினால் தாக்கம் பின்னோக்கித் திரும்பி, கல்சியம் வெளியேறுகிறது. சிறுநீரக நோயாளருக்குக் குருதிச் சுத்திகரிப்புச் செய்யும் நிலையங்களின் நீர்த்தொகுதிகளில் இந்த ரெசின் வேலை செய்கிறது.

அதே பொலிஸ்டைரீன் மணிகளைச் சேதனத் தொகுப்புக்குக் கொண்டுவந்தவர் நியூயோர்க் ரொக்கபெல்லர் நிறுவனத்தின் புரூஸ் மெரிபீல்ட். பெப்தைட்டின் முதல் அமினோ அமிலத்தை மணியில் கட்டிவிட்டு, அடுத்தடுத்த அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது அவரது முறை. நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட பெப்தைட்டு ஒன்றை இப்படி ஆக்கி 1963 இல் வெளியிட்டார். தாக்கியை மிகையாக ஊற்றித் தாக்கத்தை முடிவுவரை தள்ளலாம். மிஞ்சியதை வடித்துக் கழுவிவிடலாம். விளைபொருள் மணியைவிட்டுப் போகாது. ஒவ்வொரு படியிலும் பளிங்காக்கியும் வடித்தும் தூய்மைப்படுத்தும் வேலை அத்தோடு ஒழிந்தது. இதற்காக அவருக்கு 1984 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அடுத்த ஆண்டு தேயிலைத் தோட்டத்து வாசகர் உடனே அடையாளம் காணும் ஒரு பொருள் இத்துறைக்குள் நுழைந்தது. கலிபோர்னியாவின் ரிச்சர்ட் ஹூட்டன், ரெசின் மணிகளைச் சிறு பொலிப்புரொப்பிலீன் வலைப்பைகளுக்குள் இட்டு வாயை ஒட்டினார். இரசாயனவியலாளர் அவற்றைத் தேயிலைப் பைகள் என்றே அழைத்தனர். ஒரே அமினோ அமிலத்தை அடுத்ததாக ஏற்க வேண்டிய பைகள் எல்லாம் ஒரே பாத்திரத்தில் ஒன்றாக ஊறின. பின் வெளியே எடுத்துக் கழுவி, இலக்கத்தின்படி பிரித்து, அடுத்த பாத்திரங்களுக்கு அனுப்பப்பட்டன. 13 அமினோ அமிலங்கள் கொண்ட 248 வெவ்வேறு பெப்தைட்டுகள் நான்கு வாரத்துக்குள் கிடைத்ததாக அவரது 1985 ஆம் ஆண்டுக் கட்டுரை கூறுகிறது.

புடாபெஸ்ட் நகரின் அர்பாட் பூர்க்கா இன்னும் ஒரு படி மேலே போனார். 1982 இல் அவர் எழுதிவைத்த முறைப்படி, மணிகள் 20 பங்காகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு பங்குக்கும் ஓர் அமினோ அமிலம் சேர்க்கப்படும். பின் எல்லாம் ஒன்றாகக் கலக்கப்பட்டு மீண்டும் 20 பங்காகப் பிரிக்கப்படும். மூன்று சுற்றில் 8,000, ஐந்து சுற்றில் 32 இலட்சம் பெப்தைட்டுகள். ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பாத்திரத்தில்தான் இருக்க முடியும் என்பதால் ஒரு மணியில் ஒரே சேர்வைதான் இருக்கும். 1991 இல் கிட் லாம் குழு இந்த இயல்பைப் பயன்படுத்தி, சாயமேற்றும் புரதத்தை இலட்சக்கணக்கான மணிகள் மேல் ஊற்றி, நிறம் பிடித்த மணியைப் பொறுக்கி எடுத்து வாசித்தது. 90 மைக்ரோமீற்றர் விட்டமுள்ள ஒரு மணியில் ஏறத்தாழ 100 பிக்கோமோல், அதாவது ஏறத்தாழ 60 இலட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். கண்ணுக்குத் தூசிபோலத் தெரியும் மணியாயினும், ஒரு திணிவு நிறமாலைமானிக்கு அது தாராளமான மாதிரி.

இரத்தினபுரி மாணிக்கக் குழியிலிருந்து எடுத்த இல்லம் என்ற சரளை மண்ணைக் கூடையிலிட்டு நீரில் அலசும்போது, இலேசான மண்ணும் மணலும் போய்க் கனமான கற்கள் அடியில் தங்கும். ஆனால் எவ்வளவு அலசினாலும் குழியிலிருந்து வந்ததற்கு மேல் ஒரு கல் கூடாது. மெரிபீல்ட் முதல் லாம் வரையான மணி நூலகங்களும் அத்தகையவையே: தெரிவு உண்டு, பெருக்கம் இல்லை. லேனின் குடுவையில் பெருக்கம் உண்டு, ஆனால் பொறுக்கி எடுக்கக் கூடையில்லை. இரண்டையும் சேர்த்த முறையே ரெசின் பிணைந்த இயங்கு சேர்மான இரசாயனம். நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் மில்லரும் அவரது மாணவர் பிரையன் மக்னோட்டனும் 2006 இல் இதை வெளியிட்டனர்.

முறையின் நடப்பு இதுதான். தயோல் முனையுள்ள கட்டுமானத் துண்டுகள் ஒரு தொகுதி தெரிந்தெடுக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் தனித்தனி மணிகளில் நிரந்தரப் பிணைப்பால் கட்டப்படுகிறது. ஒரு மணிக்கு ஒரு துண்டு. அதே தொகுதி கரைசலிலும் கரைந்திருக்கிறது. மணியின் தயோலும் கரைசலின் தயோலும் இருசல்பைட்டாகச் சேரும், பிரியும், வேறொன்றோடு சேரும். சோடியின் ஒரு பாதி மணியில் நிலையாக நிற்கிறது. மற்றப் பாதி வந்துபோய்க்கொண்டிருக்கிறது. இப்போது ஒளிரும் சாயம் கட்டிய இலக்கு மூலக்கூறு கரைசலில் இடப்படுகிறது. இலக்குக்குப் பொருந்தும் சோடி எந்த மணியில் உருவாகிறதோ அந்த மணியில் இலக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்தச் சோடி சமநிலையிலிருந்து விலக்கப்பட்டதாகிறது. ஆகவே அதே மணியில் அதே சோடி மேலும் மேலும் உருவாகி, மேலும் இலக்கை இழுக்கிறது. சமநிலை அடைந்தபின் மணிகளைக் கழுவி ஒளிர்வு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தால், பெரும்பாலானவை மங்கலாகக் கிடக்க, ஒரு சில மட்டும் பளிச்சென்று தெரியும். அவற்றை நுண்குழாயால் ஒவ்வொன்றாக எடுத்து, மணியில் நிரந்தரமாகக் கட்டிய துண்டு எது என்று திணிவு நிறமாலைமானியால் அறியலாம்.

வந்துபோகும் மறுபாதி எது என்பதையும் அறிய ஓர் எளிய ஏற்பாடு உண்டு. இரு கட்டங்களிலும் ஒரே தொகுதி இருப்பதால், பொருத்தமான சோடி முதல் துண்டும் இரண்டாம் துண்டும் சேர்ந்தது என்றால், முதல் துண்டு கட்டிய மணியும் ஒளிரும், இரண்டாம் துண்டு கட்டிய மணியும் ஒளிரும். ஒளிர்ந்த சில மணிகளின் துண்டுகளை மட்டும் எடுத்து அவற்றின் எல்லாச் சோடிகளையும் தனித்தனியே ஆக்கிச் சோதித்தால் விடை கிடைத்துவிடும். ஆயிரக்கணக்கான சேர்வைகளைத் தனித்தனியே தொகுக்க வேண்டிய வேலை பத்துக்குள் அடங்கிவிடுகிறது.

2007 இல் மில்லரின் குழு இவ்வாறு 11,325 உறுப்புகள் கொண்ட நூலகத்தை ஆராய்ந்தது. இந்த எண் வரும் வழி உயர்தர மாணவருக்கு எளிது. துண்டுகள் 150. வெவ்வேறான இரண்டு துண்டுகள் சேரும் சோடிகள், 150 ஐ 149 ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 11,175. ஒரே துண்டு தன்னோடே சேரும் சோடிகள் 150. இரண்டும் கூடி 11,325. இலக்கு, எயிட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. வைரசின் ஆர்.என்.ஏ.யில் கொண்டையூசி போல மடிந்த ஒரு சிறு பகுதி. புரதம் ஆக்கும் றைபோசோம் அந்த மடிப்புக்கு முன்னால் தடுமாறி, நூற்றில் 5 முதல் 10 தடவை வரை ஓர் எழுத்துப் பின்னோக்கி நழுவுகிறது. அந்த நழுவலால்தான் வைரசுக்கு வேண்டிய நொதியங்கள் சரியான விகிதத்தில் கிடைக்கின்றன. விகிதம் பிசகினால் வைரசு தேறாது. நூலகத்திலிருந்து அந்த மடிப்போடு தெரிவுத்தன்மையுடன் பிணையும் சிறு மூலக்கூறு ஒன்று கிடைத்தது. அடுத்த ஆண்டு அதே நூலகம் தசைவலு இழக்கும் ஒரு பரம்பரை நோயோடு தொடர்புடைய, ஒரே மூன்றெழுத்து மீண்டும் மீண்டும் வரும் ஆர்.என்.ஏ.யின் முன் வைக்கப்பட்டு, அதற்கும் ஆரம்பச் சேர்வைகள் பெறப்பட்டன.

நூலகத்தில் கிடைத்தது மருந்தாகிவிடாது. கலத்துக்குள் குளுட்டாதையோன் என்ற தயோல் நிறைந்திருப்பதால் இருசல்பைட்டுப் பிணைப்பு அங்கே விரைவில் உடைந்துபோகும். தேடலுக்கு உதவிய மீள்தன்மையே பயன்பாட்டில் பலவீனமாகிறது. ஆகவே சோடி எது என்று தெரிந்ததும், இடையிலுள்ள கந்தகம்–கந்தகப் பாலத்தை ஒத்த வடிவம் கொண்ட காபன்–காபன் பிணைப்பால் மாற்றி, நிலையான சேர்வையாகத் தொகுக்க வேண்டும். எச்.ஐ.வி. வழியில் மில்லரின் குழு அதைச் செய்து, பிணைப்பின் இறுக்கத்தையும் கூட்டி, வைரசின் தொற்றும் திறன் குறைவதை 2014 இல் காட்டியது. மீளுந் தாக்கத்தால் தேடு, மீளாத் தாக்கத்தால் நிலைநிறுத்து என்பது இத்துறையின் பொது ஒழுங்கு.

கட்டுமானத் துண்டுக்குப் பதிலாக இலக்கையே திண்மத்தில் கட்டும் மாற்று அமைப்பும் உண்டு. அலெக்சி எலிசேயேவும் மரீனா நேலனும் 1997 இல் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் திண்மத் தாங்கியில் பதித்து ஒரு கம்பமாக நிரப்பினர். இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் கூட்டங்கள் கொண்ட சேர்வை ஒன்று புறஊதா ஒளியில் தன் கேத்திரகணித வடிவங்களுக்கிடையே மாறிக்கொண்டிருந்தது. கலவை கம்பத்தின் வழியே போகும்போது ஆர்ஜினினோடு பொருந்தும் வடிவம் அங்கே தங்கியது. மீதி மீண்டும் ஒளிக்குச் சென்றது. சுற்றுத் திரும்பத் திரும்ப, பொருந்தும் வடிவத்தின் பங்கு ஏறியது. பின்னர் வந்த ஆய்வுகளில் இலக்கு பல்பகுதிய மணிகளில் கட்டப்பட்டது. அதைச் சுற்றிப் பிணையும் ஏற்பி மூலக்கூறு தெரிவாகவும் பெருகவும் செய்ததோடு, மணிகளை வடித்தெடுக்கும்போதே கலவையிலிருந்து தனியாகவும் வந்தது. மூன்று வேலைகளும் ஒரே பாத்திரத்தில் முடிந்தன.

இம்முறை வெற்றிபெறச் சில நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். இடமாற்றம் சில மணிநேரம் அல்லது சில நாட்களுக்குள் சமநிலை அடைய வேண்டும். அதே நிபந்தனையில் இலக்குப் புரதமோ ஆர்.என்.ஏ.யோ சிதையாமல் இருக்க வேண்டும். நூலக உறுப்புகள் இலக்கு இல்லாதபோது ஏறத்தாழச் சமசக்தியோடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இயல்பிலேயே மிக நிலையானதாக இருந்தால் எல்லாம் அதிலேயே போய் முடியும். இலக்கையும் அளவோடு சேர்க்க வேண்டும். முற்கூறிய கணக்கில் எல்லா உறுப்பும் ஒரே அளவினவாகவும் ஒன்று மட்டுமே பிணைவதாகவும் கொள்ளப்பட்டது. உண்மைக் கலவையில் பலவும் வெவ்வேறு இறுக்கத்தில் பிணையும்; தொகுதி முழுவதன் சுயாதீன சக்தி தாழும் பக்கமே சமநிலை போகும் என்பதால், இலக்கு மிஞ்சினால் மிக இறுக்கமாகப் பிணைவதுதான் மிகக் கூடுதலாகப் பெருகும் என்று சொல்ல முடியாது.

மணியாலும் சிக்கல்கள் வருகின்றன. பொலிஸ்டைரீன் நீரில் வீங்காது. வீங்காத மணிக்குள் புரதம் புகாது. இதற்காகப் பொலிஎதிலீன் கிளைக்கோல் சங்கிலிகள் பதித்த மணிகள் உருவாக்கப்பட்டன. அவை நீரிலும் சேதனக் கரைப்பானிலும் வீங்கும். ஒரே மணியில் அருகருகே உள்ள தயோல்கள் தம்முள்ளேயே இணைந்து கரைசலோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிடலாம். ஆகவே மணியில் ஏற்றும் அளவு குறைவாக வைக்கப்படுகிறது. மணிப்பொருளே சற்று ஒளிரக்கூடியது என்பதால், சாயத்தின் நிறம் அதனின்று வேறுபடத் தெரிவுசெய்யப்படுகிறது. இலக்கு மூலக்கூறு சேர்வையோடு அன்றி மணியின் மேற்பரப்போடே ஒட்டிக்கொள்வதும் உண்டு; வெற்று மணிகளோடு ஒப்பிட்டால்தான் போலி ஒளிர்வை நீக்கலாம்.

இவ்வளவும் உயர்தரப் பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ளதாகத் தோன்றினாலும், அதற்கு வேண்டிய அறிவு முழுவதும் பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது: சமநிலை மாறிலி, லே சட்டலியர் தத்துவம், அமில மாறிலி, அல்டிகைட்டும் அமைனும், அமினோ அமிலம், பல்பகுதியம், வல்கனைசுப்படுத்தல். இவை தனித்தனி அலகுகளில் கிடப்பதால் ஒன்றோடொன்று தொடர்பற்றவையாகப் படுகின்றன. அமோனியா உற்பத்தியை மட்டும் காட்டிச் சமநிலையைக் கற்பித்தால், மீள்தன்மை விளைவைத் தின்னும் ஒன்று என்ற எண்ணமே மனத்தில் நிற்கும். அதனுடன் இருசல்பைட்டு இடமாற்றத்தையும் சேர்த்துக் கற்பித்தால், மீள்தன்மை பிழையைத் திருத்தும் என்ற மறுபக்கமும் விளங்கும்.

விலையுயர்ந்த கருவி இல்லாத பாடசாலையிலும் தத்துவத்தைக் காட்டலாம். பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலில் அயடீனைக் கரைத்தால் கபில நிறம் வரும். அயடீனும் அயடைட்டு அயனும் மூவயடைட்டு அயனோடு சமநிலையில் இருக்கின்றன. அதில் சிரட்டைக்கரியிலிருந்து செய்த ஏவப்பட்ட காபனைப் போட்டுக் குலுக்கி வடித்தால் நிறம் வெளிறும். திண்மம் அயடீனைப் பிடிக்கிறது, இழப்பை ஈடுசெய்ய மூவயடைட்டு பிரிந்து மேலும் அயடீனைத் தருகிறது, அதுவும் பிடிபடுகிறது. சமநிலையில் உள்ள கலவையிலிருந்து ஒரு திண்மம் ஓர் உறுப்பைத் தெரிவுசெய்து, அவ்வுறுப்பை மேலும் உருவாக்கச் செய்வது இங்கே கண்முன் நடக்கிறது. இலக்கு கட்டிய மணிகளில் நடப்பதும் இதே ஒழுங்கில்தான்.

தோட்டப்புற மாணவருக்கு இப்பாடம் தொலைவான ஒன்றன்று. கந்தகப் பாலங்களை இடமாற்றத் தாக்கத்தால் தளர்த்தி, தேய்ந்த டயர் இறப்பரை மீண்டும் வார்க்கக்கூடியதாக்கும் ஆய்வு உலகெங்கும் நடக்கிறது; அதற்கும் இருசல்பைட்டுச் சேர்வைகளே பயன்படுகின்றன. அகலவத்தையில் தலைமையகம் கொண்ட இறப்பர் ஆராய்ச்சி நிறுவனமும், இரத்தினபுரியில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாழ்நாட்டு நிலையமும், பெலிஹுல்லோயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகமும் மாகாணத்துக்கு உள்ளேயோ அருகிலேயோ இருக்கின்றன. சமநிலை அலகை நடத்தும் வாரத்தில் இறப்பர் ஷீட்டையும் கருந்தேயிலையையும் மேசையில் வைத்து, கந்தகப் பாலம் எப்படி மீள்கிறது, தேயிலையின் ஒட்சியேற்றம் ஏன் மீளவில்லை, மீள்வதால் எதைத் தேட முடிகிறது என்ற மூன்று கேள்விகளையும் வகுப்பு விவாதிக்க வேண்டும் என்பதே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் இம்மடல் வைக்கும் வேண்டுகோள்.

அன்புடன்,
தமிழில் அறிவியல் எழுதும் ஒருவர்